எச்சில் டப்பாவா, ஊதா மூடி டியூபா? மூட்டு வலிக்கு எந்த மரபணுப் பரிசோதனை

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, எச்சில் துப்பி அனுப்பினா போதுமாம். என்னென்ன நோய் வரும்னு மொத்தமா சொல்லிடுவாங்களாம். நம்ம வீட்டுலதான் எல்லாருக்கும் மூட்டு வலி இருக்கே, ஆளுக்கொரு டப்பா வாங்கிடலாமா? இப்ப ஆஃபர் வேற ஓடுது."

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருஷமாக டெக்னீசியனாக இருக்கிறேன். ரத்தம் எடுப்பது, பார்கோடு ஒட்டுவது, இங்கே செய்ய முடியாததைச் சென்னைக்கு அனுப்புவது, ரிப்போர்ட் வந்தால் கையில் கொடுப்பது, இதுதான் வேலை. டாக்டர் இல்லை. ஆனால் எந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த பணம் உருப்படியாகப் போனது, எந்தக் காகிதம் மடித்தபடியே பீரோவுக்குள் போனது என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அவளிடம் உடனே சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பம் வருகிறேன், பேசலாம் என்றேன்.

அந்த வீட்டில் நான்கு பேருக்கு வலி. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால். அக்காவுக்கு 48, இரண்டு கை விரல்களும். அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது மாமாவுக்கு, கால் கட்டைவிரல் திடீரென்று வீங்கி, போர்வை பட்டால்கூடக் கத்துவார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பெரிய பையனுக்கு 27 வயது, சிப்காட்டில் ஷிப்ட் வேலை, இடுப்பு வலி. வீட்டில் நான்குக்கும் ஒரே பெயர், "மூட்டு வலி". நான்கும் வேறு வேறு நோய். மரபணு நான்கிலும் ஏதோ ஓரிடத்தில் வருகிறது, ஆனால் வருகிற விதமும் அதைப் பார்ப்பதால் கிடைக்கும் பலனும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எந்த டெஸ்ட் எடுக்கலாம் என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. யாருக்கு, எந்தச் சந்தேகத்துக்கு என்று கேட்டால்தான் சொல்ல முடியும்.

பையனிடமிருந்து தொடங்கினேன், ஏனென்றால் எனக்கு அவன்மேல்தான் சந்தேகம். வலி எப்போது வருகிறது என்று கேட்டேன். விடியற்காலை மூணு, மூணரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது என்றான். எழுந்து கொல்லைப்பக்கம் நாலு நடை நடந்தால் விடுகிறது. லீவு நாளில் நாள் முழுக்கப் படுத்திருந்தால் இன்னும் மோசம். அக்கா பைக்கைத் திட்டினாள், மாமா மெத்தையைத் திட்டினார். நான் கேட்டது வேறு: கண் எப்போதாவது சிவந்ததா? போன வருஷம் ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், புதுச்சேரிக்குப் போய் இரண்டு மாதம் சொட்டு மருந்து விட்டானாம். கண்ணுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஓய்வெடுத்தால் குறைகிற இடுப்பு வலி பெரும்பாலும் தசை, டிஸ்க் சமாசாரம். ஓய்வெடுத்தால் கூடி, நடந்தால் குறைகிற வலி, நாற்பது நாற்பத்தைந்து வயதுக்குள் ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அது முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் உண்டாகிற அழற்சியாக இருக்கலாம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நோய். எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகைக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1973-ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பிய நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது இருக்கிறது. மூட்டு நோயில் மரபணுவுக்கு இவ்வளவு அழுத்தமான தொடர்பு அபூர்வம்.

இங்கேதான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். நோய் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் பி27 இருக்கிறது என்பதைத் திருப்பிப் போட்டு, பி27 இருந்தால் நோய் வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மை இல்லை. பி27 உள்ள நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இந்த நோய் வருவதில்லை. கூடப்பிறந்தவருக்கோ அப்பாவுக்கோ நோய் இருந்தால் அந்தக் கணக்கு பல மடங்கு ஏறும், அப்போதும் வராமலே போகிறவர்கள்தான் அதிகம். ஆகவே வழியில் போகிறவருக்கு இந்த டெஸ்ட் எடுத்தால் பயம்தான் மிச்சம். என் அக்கா மகனைப் போல விடியற்காலை வலி, நடந்தால் குறைவது, கண் சிவப்பு எல்லாம் சேர்ந்தவனுக்கு எடுத்தால் கதையே வேறு. 2009-ல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த அளவுகோலே அப்படித்தான் இருக்கிறது: நாள்பட்ட இடுப்பு வலியோடு பி27 இருந்து, கூடவே வேறு இரண்டு அறிகுறிகளும் இருந்தால் இந்த நோய்க் குடும்பத்தில் சேர்க்கலாம். அல்லது எம்ஆர்ஐ, எக்ஸ்ரேயில் அந்த மூட்டில் அழற்சி தெரிந்து, கூட ஒரு அறிகுறி இருந்தாலும் போதும். எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்கில் ஆகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

டாக்டரிடம் போனான், பி27 எழுதிக் கொடுத்தார். இனி சொல்லப் போவது என் தொழில் சமாசாரம், எந்தச் சீட்டிலும் இருக்காது. பி27-ஐ இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று ஃப்ளோ சைட்டோமெட்ரி: வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு அணுக்கள் உயிரோடு, புதிதாக இருக்க வேண்டும். இன்னொன்று பிசிஆர்: டிஎன்ஏவையே பார்ப்பது. இரண்டுக்கும் ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூப்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கடலூரில் எடுத்த ரத்தம் ஞாயிறு முழுக்கக் கிடந்து திங்கள் மதியம் சென்னையில் மெஷினில் ஏறினால், ஃப்ளோவில் சிக்கல். டிஎன்ஏ அவ்வளவு சீக்கிரம் கெடாது. தவிர, ஃப்ளோவில் பி7 போன்ற நெருங்கிய வகைகள் பி27 மாதிரி வேஷம் கட்டி பாசிட்டிவ் காட்டுவது உண்டு. ஊரிலிருந்து அனுப்புகிறவர்கள் பிசிஆர் கேட்டு வாங்குவது நல்லது, விலை கொஞ்சம் கூடினாலும். ஃப்ளோதான் என்றால் வார ஆரம்பத்தில் காலையில் ரத்தம் கொடுங்கள்.

அவனுக்கு பாசிட்டிவ் வந்தது. எம்ஆர்ஐயிலும் அழற்சி தெரிந்தது. இப்போது தினமும் உடற்பயிற்சி, வலிக்கு மாத்திரை. அது போதாவிட்டால் அழற்சியைத் தூண்டுகிற டிஎன்எஃப், ஐஎல்-17 என்ற புரதங்களைத் தடுக்கும் ஊசிகள் என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மரபணு ஆராய்ச்சியில் இந்த நோய்க்கு ஐஎல்-23 என்ற இன்னொரு புரதம் சம்பந்தப்பட்ட மரபணுவும் சிக்கியது. அப்படியானால் ஐஎல்-23-ஐத் தடுத்தால் நோய் அடங்க வேண்டுமே என்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சோரியாசிஸுடன் வரும் மூட்டு வாதத்தில் வேலை செய்தது, முதுகெலும்பு நோயில் பெயிலாகிவிட்டது. மரபணு வழி காட்டும், ஆனால் அது கை காட்டிய வீட்டில் ஆள் இருப்பார் என்று நிச்சயமில்லை.

அக்காவின் கதை நேர் எதிர். காலையில் பத்து மணி வரை விரல்கள் மடங்காது. துணி பிழிய முடியவில்லை, மோதிரம் கழட்ட வரவில்லை. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டுதான் காப்பி போடவே ஆரம்பிக்கிறாள். இரண்டு கையிலும் ஒரே இடத்தில், விரல் ஆரம்பிக்கும் முட்டியில் வீக்கம். சரவாங்கி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், முடக்கு வாதம் என்று எழுதுவார்கள். இதிலும் மரபணுவின் பங்கு பெரியது. எச்எல்ஏ-டிஆர்பி1 என்ற மரபணுவின் சில வகைகளில் ஒரே மாதிரியான சின்னத் துண்டு இருப்பதை 1987-லேயே சொல்லிவிட்டார்கள். 2014-ல் நூற்றுக்கு மேற்பட்ட மரபணு இடங்கள் கணக்குக்கு வந்தன. இத்தனை தெரிந்தும், அக்காவுக்கு மரபணு டெஸ்ட் எடுப்பதால் ஒரு மாத்திரைகூட மாறாது. அவளுக்குத் தேவை ஆன்டி-சிசிபி. இது எதிர்பொருள் பரிசோதனை, மரபணு கிடையாது. இதே நோய்க்கு எடுக்கிற இன்னொரு டெஸ்ட்டான ஆர்ஏ ஃபேக்டர் வயசானவர்களிடமும், நாள்பட்ட வேறு தொற்று உள்ளவர்களிடமும்கூட பாசிட்டிவ் வரும். சிசிபி அப்படிச் சுலபத்தில் ஏமாற்றாது. கூட அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈஎஸ்ஆர், சிஆர்பி, பிறகு கை எக்ஸ்ரே. அவ்வளவுதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: சமீபத்தில் சிக்குன்குனியா வந்ததா? 2006-ல் நம் பக்கத்தில் அது அடித்த அடியில், காய்ச்சல் போய் மாதக்கணக்கில் விரல் மடக்க முடியாமல் இருந்தவர்களை நான் இதே நாற்காலியில் உட்கார வைத்து ரத்தம் எடுத்திருக்கிறேன். பார்வைக்குச் சரவாங்கி போலவே இருக்கும்.

அக்காவைப் புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினேன். அங்கே இந்த மாதிரி வாத நோய்களைப் பார்க்க கிளினிக்கல் இம்யூனாலஜி என்று தனித் துறையே இருக்கிறது, கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். சரவாங்கிக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதை மரபணுவை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று தமிழ் நோயாளிகளிடமே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டவர்கள் அவர்கள். ஆனாலும் இன்றைய தேதியில் மரபணு பார்த்து அந்த மாத்திரையைக் கொடுப்பது எங்கும் வழக்கமில்லை. கொடுத்துப் பார்த்து, ரத்தம் பார்த்து, கூட்டிக் குறைப்பதுதான். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. தினமும் என்று நினைத்துப் போட்டு ஆபத்தில் மாட்டியவர்கள் உண்டு. அக்கா வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு வந்தேன். என்னைக் கேட்டால் அந்த வட்டம் எந்த மரபணு ரிப்போர்ட்டையும்விட அவளுக்கு உதவும்.

அம்மாவின் முழங்கால் தேய்மானம். இதற்கு ஒரு பத்தி போதும். 2025-ல் ஏறக்குறைய இருபது லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்து, தேய்மானத்தோடு தொடர்புள்ள 962 மரபணு மாற்றங்களைப் பட்டியலிட்டார்கள். பிரமாதமான வேலை, நாளைக்கு மருந்து கண்டுபிடிக்க உதவும். 962 என்ற எண்ணே சொல்கிறதே, ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு என்று. அருவாமனையிலிருந்து எழும்போது முழங்கால் சத்தம் போடுகிற 71 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பட்டியலால் செய்ய எதுவும் இல்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி, எடை குறைப்பு, தரையில் உட்காராமல் இருப்பது. முடக்கறுத்தான் தோசையை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டார்.

மாமாவின் கட்டைவிரல்தான் எனக்கே கொஞ்சம் யோசனையாக இருந்தது. யூரிக் ஆசிட் படிந்து வருகிற கவுட். யூரிக் ஆசிட்டைச் சிறுநீரகம் எப்படி வெளியேற்றுகிறது என்பதில் எஸ்எல்சி2ஏ9, ஏபிசிஜி2 என்ற மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாவம், ஆட்டுக்கறியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் இந்த மரபணுக்களைப் பார்ப்பதாலும் வைத்தியம் மாறாது. பார்க்க வேண்டியது வேறொன்று, எச்எல்ஏ-பி 58:01. நோய் வருமா என்பதை அது சொல்லாது, மருந்து ஒத்துக்கொள்ளுமா என்பதைச் சொல்லும். யூரிக் ஆசிட்டைக் குறைக்க முதலில் கொடுக்கிற அலோப்யூரினால் மாத்திரை மிகச் சிலருக்குத் தோலே உரிந்து, உயிருக்கே ஆபத்தாகிற ஒவ்வாமையைக் கொண்டுவரும். 2005-ல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 51 பேரைப் பார்த்தார்கள், 51 பேரிடமும் இந்த வகை இருந்தது. அதே மாத்திரையை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்ட 135 பேரில் 20 பேரிடமும் இருந்தது. ஆகவே பாசிட்டிவ் என்றால் கட்டாயம் ஒவ்வாமை வரும் என்று இல்லை, ஆனால் அந்த ரிஸ்க்கை எடுக்காமல் வேறு மாத்திரைக்குப் போய்விடலாம். பிறகு அங்கேயே ஏறக்குறைய 3000 பேருக்கு முன்கூட்டியே பரிசோதித்து, பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அந்த மாத்திரையைத் தவிர்த்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட அந்தக் கொடிய ஒவ்வாமை வரவில்லை.

சரி, நெல்லிக்குப்பத்துக்காரருக்கு இது தேவையா? அமெரிக்க வாத நோய் நிபுணர்களின் 2020 வழிகாட்டி தென்கிழக்கு ஆசிய வம்சாவளியினருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கருக்கும் இதை எடுக்கச் சொல்கிறது, நம்மைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. நம் ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்து, அரிப்போ தடிப்போ வந்தால் உடனே நிறுத்தச் சொல்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான். மாமாவுக்கு கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல், சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இந்த ஒவ்வாமை அபாயமும் கூடும். அதனால் டாக்டரிடம் கேட்டு எடுத்துவிடலாம் என்றேன். ஆயுளுக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். பதில் ஆம், இல்லை என்று வரும், வந்த பதிலுக்கேற்ப மாத்திரை மாறும். மரபணு டெஸ்ட்டுக்குப் பணம் கொடுப்பதென்றால் இப்படி ஒன்றுக்குக் கொடுக்கலாம்.

அப்புறம் அந்த எச்சில் டப்பா. அக்கா மகள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று இதைப் பொறுமையாகவே விளக்கினேன். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை எடுத்துக்கொள். டிஎன்ஏ அச்சு அசல் ஒன்று. ஒருவருக்கு முடக்கு வாதம் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்குப் பதினைந்து அளவில்தான் என்று 1993-ல் பிரிட்டனில் இரட்டையர்களைப் பார்த்துக் கணக்கிட்டார்கள். டிஎன்ஏ முழுசாகத் தெரிந்தாலே கணிப்பு இவ்வளவுதான் என்றால், டப்பாக்காரர் ஆங்காங்கே சில லட்சம் புள்ளிகளைப் பார்த்து, "உங்களுக்கு மூட்டு நோய் அபாயம் சராசரியைவிட 1.3 மடங்கு" என்று வண்ண வண்ணமாக அச்சடித்துக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வது? அந்த மடங்குக் கணக்கும் யாரிடமிருந்து வந்தது? பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து. நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டத்தில் பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அது நம்மவர்களின் மூட்டு நோய்க் கணக்காக மாற இன்னும் வேலை இருக்கிறது. அதுவரை ஸ்வீடன்காரரின் அளவெடுத்துத் தைத்த சட்டையை நாம் போட்டுப் பார்க்கிற கதைதான்.

இன்னொன்று, எச்சில் கொடுத்தால் அது உன்னோடு நிற்காது. உன் அண்ணன், தம்பி, நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளை எல்லோருடைய சமாசாரமும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் 23அண்ட்மீ என்ற கம்பெனி ஒன்றரைக் கோடிப் பேரின் தகவலை வைத்துக்கொண்டு 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. மரபணுவைக் காரணம் காட்டி வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அங்கே 2008-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். இங்கே மரபணுவுக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. "அப்போ ஆஃபர்?" என்றாள். அந்தக் காசை அண்ணனின் பிசிஆர் செலவுக்கு வைத்துக்கொள் என்றேன்.

எக்ஸோம் என்கிற பெரிய டெஸ்ட்டையும் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. புரதம் செய்யச் சொல்லித்தருகிற மரபணுப் பகுதிகள் அத்தனையையும் ஒரே மூச்சில் படிப்பது அது. சில வருஷத்துக்கு முன் ஒரு சின்னப் பையனை என்னிடம் அழைத்து வந்தார்கள். விரல் முட்டிகள் அகன்று, வீங்கியது போலத் தெரிந்தன. குழந்தைகளுக்கு வருகிற மூட்டு வாதம் என்று வேறு ஊரில் ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுக்கும்போது அவன் கையைப் பிடித்தேன். சூடு இல்லை, சிவப்பு இல்லை, அழுத்தினால் மெத்தென்று அமுங்கவும் இல்லை, எலும்பாகவே இருந்தது. மூன்று தடவை ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் நானே போட்டேன், மூன்று தடவையும் நார்மல். அம்மாவும் அப்பாவும் மாமன் மகளும் அத்தை மகனும். பிறகு ஒரு டாக்டர் மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்பினார். சிசிஎன்6 என்ற மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியிலும் பிழை. குருத்தெலும்பு நாளாக நாளாக நலிகிற பரம்பரை நோய் அது, வாதமே கிடையாது. 1999-ல்தான் அந்த மரபணு எது என்று தெரிந்தது. இந்தியாவில், குறிப்பாகச் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில், அடிக்கடி பதிவாகிறது. குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் ஸ்டீராய்டு நின்றது. அடுத்த பிள்ளைக்கும் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அந்தப் பெற்றோருக்குத் தெரிந்தது. பிசியோதெரபிக்கும் பள்ளியில் உட்காரும் நாற்காலிக்கும் கவனம் திரும்பியது. அந்த வீட்டுக்கு எக்ஸோம் செலவு தகும். என் அக்கா வீட்டுக்குத் தகாது.

செலவே இல்லாத மரபணுத் துப்பும் உண்டு. அல்காப்டோன்யூரியா என்ற பரம்பரை நோயில் நடுத்தர வயதில் முதுகும் முழங்காலும் தேய்ந்து போகும். சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தால் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். இது பெற்றோர் வழியாக வருவது என்று ஆர்ச்சிபால்ட் காரோட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1902-லேயே சொன்னார், டிஎன்ஏவின் உருவமே தெரியாத காலத்தில். எங்கள் லேபில் ஒரு யூரின் சாம்பிள் காரணமில்லாமல் கறுத்தால் நான் கொட்டுவதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுவேன்.

கடைசியில் அந்த வீட்டில் எடுத்தது இரண்டு மரபணு டெஸ்ட். பையனுக்கு பி27, மாமாவுக்கு பி 58:01. மாமாவுடையது நெகட்டிவ், அலோப்யூரினால் சின்ன அளவில் ஆரம்பித்திருக்கிறார். அக்காவுக்கு சிசிபி, அது நல்ல உயரத்தில் பாசிட்டிவ். அம்மாவுக்கு எதுவும் இல்லை, அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்: "எல்லாருக்கும் எடுத்தே, எனக்கு ஒண்ணும் எடுக்கலையேடா."

அண்ணனுடைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சின்னவனும் மறுநாள் காலையிலேயே என் லேபுக்கு வந்துவிட்டான். 22 வயது, தேவனாம்பட்டினம் பீச்சில் தினமும் வாலிபால் ஆடுகிறவன். சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான். இடுப்பு வலிக்கிறதா, கண் சிவந்ததா, குதிகால் நொந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. எப்போதாவது விடியற்காலை வலியில் முழிப்பு வந்தால் அன்றைக்கே வா, எடுக்கிறேன் என்று சொல்லி ஊதா மூடி டியூபை ஸ்டாண்டிலேயே திருப்பி வைத்தேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.